துறைமுக ஸ்கேனர்களும் வெளிநாட்டு உதவியும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் சரக்கு கிளியரன்ஸ் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் பாடமும் எடுக்கிறேன். அவர்கள் கேட்டவை, ஆம்பூர், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் கேட்டவை, டிரெய்லர் உரிமையாளர்கள் கேட்டவை என்று ஸ்கேனர் பற்றிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எதில் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும். வசதி குறைந்த நாடுகளுக்கு இத்தனை விலை உயர்ந்த மெஷினை யார் வாங்கிக் கொடுக்கிறார்கள், கொடுத்த பிறகு அது என்ன ஆகிறது?

வேறொரு நாட்டுக்கு யாரோ ஸ்கேனர் கொடுத்தால் சென்னைக்கு என்ன வந்தது?

சென்னையில் ஏற்றும் கண்டெய்னர் எல்லாம் நேராக ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுவதில்லை. நிறையப் பெட்டிகள் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. கொழும்புத் துறைமுகத்தில் கதிர்வீச்சு கண்டறியும் கருவிகள் அமெரிக்க அரசின் உதவியில் வந்தவை. அப்புறம், நம் சரக்கு போய் இறங்கும் ஆப்பிரிக்க, ஆசியத் துறைமுகங்கள் பலவற்றில் உள்ள ஸ்கேனர்கள் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளின் நன்கொடையிலோ கடனிலோ வாங்கியவை. அங்கே மெஷின் நின்றால் இங்கே ஏற்றியவரின் பெட்டியும் சேர்ந்து நிற்கும். பணம் வர நாளாகும்.

உதவியாக வரும் கருவிகள் எவை?

முதலில், கண்டெய்னரைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும் ஸ்கேனர். இதில் எக்ஸ்-ரே வகை உண்டு, கோபால்ட்-60 அல்லது சீசியம்-137 வைத்து இயங்கும் காமா கதிர் வகையும் உண்டு. இரண்டாவது, கதிர்வீச்சு கண்டறியும் வாசல். கேட்டின் இருபக்கமும் தூண் மாதிரி நிற்கும், லாரி நடுவில் மெதுவாகப் போகும். இது படம் எதையும் எடுக்காது. உள்ளிருந்து கதிர்வீச்சு வருகிறதா என்று மட்டும் பார்க்கும். முன்னது கதிரை உள்ளே அனுப்புகிறது, பின்னது வெளியே வருவதைக் கவனிக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

இவை போக, கையில் பிடிக்கும் கதிர்வீச்சு மீட்டர்கள், வெடிமருந்துத் துகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள், விமான நிலையத்தில் நாம் பார்க்கும் பேக்கேஜ் எக்ஸ்-ரே, மோப்ப நாய்கள், பயிற்சி.

யார் யார் கொடுக்கிறார்கள்?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா இதில் பெரிய அளவில் இறங்கியது. 2002 ஜனவரியில் கண்டெய்னர் பாதுகாப்பு முன்முயற்சி என்ற திட்டத்தைத் தொடங்கி, தன் சுங்க அதிகாரிகளை வெளிநாட்டுத் துறைமுகங்களிலேயே உட்கார வைத்தது. சரக்கு தன் கரைக்கு வந்து சேரும் முன்பே ஏற்றுமிடத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது எண்ணம். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்கு விவரம் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. அமெரிக்க சரக்கு பார்க்கும் எவரும் அதை மறக்க முடியாது.

2003-ல் அமெரிக்க எரிசக்தித் துறை மெகாபோர்ட்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கதிர்வீச்சு வாசல்களை வெளிநாட்டுத் துறைமுகங்களில் தன் செலவில் நிறுவி, ஆட்களுக்குப் பயிற்சியும் கொடுக்கும் திட்டம் இது. கொழும்பு இதில் ஆரம்பத்திலேயே சேர்ந்துவிட்டது. ஏற்றுமதிக் கட்டுப்பாடு, எல்லைப் பாதுகாப்பு என்ற பெயரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது. கையடக்கக் கருவிகள், பயிற்சிகள் பலவும் அந்த வழியில் போகின்றன.

ஜப்பான் கம்போடியத் துறைமுகங்களுக்கு மானியமாகக் கொடுத்திருக்கிறது. சீனா பல ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குத் தன் நாட்டு ஸ்கேனர்களை இனாமாகவும் சலுகைக் கடனிலும் தந்திருக்கிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகமும் உலக சுங்க அமைப்பும் சேர்ந்து 2004 முதல் ஒரு கண்டெய்னர் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்துகின்றன. அதில் பெரிய மெஷின் கிடையாது. சுங்கம், போலீஸ் என்று பல துறை ஆட்களை ஒரே அறையில் உட்காரவைத்து, எந்தப் பெட்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆவணங்களிலிருந்தே கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். செலவிட்ட பணத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது இதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் தர்மமா, வியாபாரமா?

இரண்டும் உண்டு. கொடுக்கிறவர் தன் வாசலுக்கு வரும் ஆபத்தைத் தூரத்திலேயே நிறுத்தப் பார்க்கிறார். அதில் தப்பு இல்லை, வாங்குகிறவருக்கும் வரி ஏய்ப்பும் கடத்தலும் குறையும். ஆனால் பல உதவிகளில் மெஷினை உதவி தரும் நாட்டிலேயே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். அப்போது போட்டி டெண்டர் இருக்காது, விலை சரிதானா என்று ஒப்பிடவும் முடியாது. நமீபியா சீனச் சலுகைக் கடனில் 13 ஸ்கேனர் வாங்கிய ஒப்பந்தம் 2009-ல் ஊழல் விசாரணைக்கு உள்ளானது.

நம்மையும் சொல்ல வேண்டும். அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி வழியாக இந்தியா மற்ற நாடுகளுக்குத் தரும் கடனிலும் பொதுவாக 75 சதவீதப் பொருளும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது.

இந்தியா இப்படி உதவி வாங்குகிறதா?

பெரும்பாலும் இல்லை. 2003-ல் மத்திய அரசு, ஒரு சில பெரிய நாடுகள் தவிர மற்ற நாடுகளிடமிருந்து நேரடி உதவி வாங்குவதில்லை என்று அறிவித்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து நாகப்பட்டினமும் கடலூரும் சிதைந்து கிடந்தபோதும் வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவியை டெல்லி ஏற்கவில்லை. துறைமுக ஸ்கேனர்கள் மத்திய அரசு அல்லது துறைமுகங்களின் சொந்தப் பணத்தில் வருபவை.

சரக்கு எல்லை தாண்டுவதை எளிதாக்கும் உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வளரும் நாடுகள் தங்கள் கடமைகளை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லலாம். உடனே செய்வது, கால அவகாசத்தோடு செய்வது, வெளி உதவி கிடைத்தால்தான் செய்ய முடிவது. இந்தியா மூன்றாம் வகையில் எதையும் வைக்கவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் வைத்தன.

இந்தியா கொடுக்கும் நாடாகவும் இருக்கிறது. நேபாள எல்லையில் பீர்கஞ்ச் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி இந்திய மானியத்தில் கட்டப்பட்டு 2018 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பிராட்நகர் சாவடி 2020 ஜனவரியில்.

ஒரு சின்னத் தகவல், கிளியரன்ஸ் பிள்ளைகளுக்காக. உதவியாக வரும் மெஷினும் இறக்குமதிச் சரக்குதான், அதற்கும் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி விவரப் பத்திரம், போட வேண்டும். ஐ.நா. அல்லது சர்வதேச அமைப்பு நிதி தந்து, இந்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டங்களின் பொருட்களுக்குச் சுங்க அறிவிக்கையில் வரி விலக்கு உண்டு. உரிய சான்றிதழ் கையில் இல்லாமல் போய் நின்றால் விலக்கு கிடைக்காது.

கொடுத்த பிறகு மெஷின் என்ன ஆகும்?

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து டிராக்டர் உதிரிபாகங்களை ஓர் ஆப்பிரிக்கத் துறைமுகத்துக்கு அனுப்பினோம். பெயர் வேண்டாம். அங்கே எல்லா இறக்குமதிப் பெட்டியும் ஸ்கேனர் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று விதி. ஸ்கேனர் நன்கொடையாக வந்தது. எங்கள் பெட்டி இறங்கிய வாரம் அது பழுது. மாற்ற வேண்டிய பாகம் மெஷின் செய்த நாட்டிலிருந்து வர வேண்டும், வந்த பாகமோ அந்த நாட்டு விமான நிலைய கஸ்டம்ஸிலேயே வரி கட்டாமல் கிடந்தது. வரி யார் கட்டுவது என்று இரண்டு துறைகளுக்குள் கடிதப் போக்குவரத்து. இறக்குமதியாளர் தினமும் காலையில் எனக்கு போன் செய்வார். "அண்ணே, இன்னைக்காவது?" என்று கேட்பார், தமிழர்தான், அங்கே கடை வைத்திருக்கிறார். பதினொரு நாள் ஆனது. டெமரேஜ் (துறைமுகத்தில் பெட்டி கிடந்ததற்கான கட்டணம்), கண்டெய்னர் டிடென்ஷன் (காலிப் பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானதற்கான கட்டணம்) எல்லாம் அவர் தலையில். மெஷின் கொடுத்த நாட்டுக்கு இந்தச் செலவு தெரியவே தெரியாது.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? எக்ஸ்-ரே ஸ்கேனரின் இதயம், கதிரை உண்டாக்கும் ஒரு துகள் முடுக்கி. அதில் மேக்னெட்ரான் என்ற பாகம் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும். டிடெக்டர் வரிசை ஈரத்துக்கும் உப்புக் காற்றுக்கும் கெடும். துறைமுகம் என்றால் உப்புக் காற்று இல்லாமல் இருக்குமா? கன்ட்ரோல் அறை ஏ.சி. நின்றால் மெஷினும் நிற்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் ஸ்டெபிலைசர், ஜெனரேட்டர், டீசல் எல்லாம் தனிச் செலவு.

கோபால்ட்-60 வைத்த காமா ஸ்கேனர் சற்று எளிது, மின்சாரம் குறைவாகப் போதும். ஆனால் கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 வருடம். ஐந்து வருடம் தாண்டினால் கதிர் பாதியாகிவிடும், பத்துப் பதினொரு வருடத்தில் கால்வாசி. படம் மங்கும், ஸ்கேன் செய்ய நேரமும் கூடும். புதுக் கதிரியக்க மூலம் வாங்க வேண்டும், பழையதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் நன்கொடைக் கடிதத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்து வருடம் கழித்து அந்த நாட்டின் கையில் மிஞ்சுவது பார்த்துப் பத்திரப்படுத்த வேண்டிய ஒரு கதிரியக்கப் பொருள்.

மெகாபோர்ட்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 துறைமுகங்கள் இலக்கு. 2012 ஆகஸ்ட் வரை 31 நாடுகளில் 42 துறைமுகங்கள் முடிந்திருந்தன, செலவு சுமார் 85 கோடி டாலர். அதன் பிறகு பட்ஜெட்டை அமெரிக்கா கடுமையாக வெட்டியது. பொருத்திய கருவிகளை அதன்பின் பராமரிப்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. கொடுக்கிற நாட்டில் ஆட்சியோ பட்ஜெட்டோ மாறினால், வாங்கிய நாட்டின் துறைமுக கேட்டில் அது தெரியும். அதனால் பராமரிப்பு ஒப்பந்தமும் உதிரிபாகமும் உள்ளூர் இன்ஜினியர் பயிற்சியும் இல்லாத ஸ்கேனரை இனாமாகவே கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு சுங்கத் துறைகளுக்கு வர வேண்டும்.

மெஷின் ஓடினால் போதாதா? படத்தில் எல்லாம் தெரிந்துவிடுமே?

தெரியாது. ஸ்கேன் படம் சாம்பல் நிறத்தில், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நிழல். பழகாத கண்ணுக்கு அது மழைக்கறை பட்ட சுவர் மாதிரி இருக்கும்.

நம் ஊர் உதாரணம் செம்மரக் கடத்தல். பஞ்சு மூட்டை என்றோ பிளாஸ்டிக் சாமான் என்றோ எழுதிக் கொடுத்து, பெட்டியின் நடுவில் செம்மரக் கட்டைகளை அடுக்கி, முன்னும் பின்னும் மூட்டையால் மூடுவார்கள். கதவைத் திறந்தால் மூட்டைதான் தெரியும். ஸ்கேன் படத்தில் பஞ்சு வெளிர்ந்து கிடக்க, நடுவில் மட்டும் அழுத்தமான நிழல் தரையோடு படிந்திருக்கும், ஓரத்தில் கட்டைகளின் நீளம் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். அனுபவம் உள்ள அதிகாரிக்கு அந்த ஒழுங்கற்ற விளிம்பே போதும். ஆனால் அதைப் பிடிக்க, உண்மையான பஞ்சுப் பெட்டி எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே நூறு படம் பார்த்திருக்க வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் இரண்டு வாரப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார்கள். பயிற்சி பெற்றவருக்கு ஆறு மாதத்தில் டிரான்ஸ்ஃபர் வரும். படம் படிக்கத் தெரிந்தவரைக் குறைந்தது சில வருடமாவது அதே வேலையில் வைத்திருப்பதும் உதவி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய நிபந்தனைதான்.

கிரானைட் பெட்டிக்கு ஏன் கதிர்வீச்சு அலாரம் அடிக்கிறது?

கிரானைட்டில் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் உண்டு. டைல்ஸ், பொட்டாஷ் உரம், காஸ் விளக்கு மேன்டில் எல்லாமே வாசலில் அலாரம் அடிக்கக்கூடியவை. வாசலில் பிழை இல்லை, கதிர்வீச்சு இருக்கிறது என்று அது சொல்வது உண்மைதான். அது ஆபத்தானதா என்று அடையாளம் காண கையடக்கக் கருவியோடு ஓர் ஆள் போக வேண்டும். கிருஷ்ணகிரிக் கல் ஏற்றுகிறவர்கள் சரக்கின் சரியான விவரத்தைத் தெளிவாக எழுதினாலே பாதி நேரம் மிச்சமாகும். "ஸ்டோன் ஐட்டம்ஸ்" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

டிரைவருக்கு ஆபத்து உண்டா?

ஒழுங்காக நடத்தினால் இல்லை. சில வகை ஸ்கேனர்களில் டிரைவர் இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, இறங்கி, கோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நிற்க வேண்டும். ஓட்டிக்கொண்டே போகும் வகையில் கேபின் தாண்டிய பிறகுதான் கதிர் திறக்கும். இந்தியாவில் இவற்றுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரம்பு. ஒரு ஸ்கேனில் வெளியே நிற்பவருக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறிய துளி. ஆனால் கிளீனர் பையன் கேபின் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தால்? வரிசையில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இது நடக்கக்கூடியதுதான். ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தயவுசெய்து எழுப்பிவிடுங்கள்.

அரிசி, மசாலா, இறால் கெடாது. இந்த ஸ்கேனர்களின் கதிர் ஆற்றலில் உணவுப் பொருள் கதிரியக்கமாக மாறாது.

எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

அமெரிக்கா 2007-ல் அப்படித்தான் சட்டம் போட்டது. தன் நாட்டுக்கு வரும் கண்டெய்னர்கள் அனைத்தும் 2012-க்குள் வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் ஆக வேண்டும் என்றது. பாகிஸ்தானின் காசிம், ஹோண்டுராஸின் கோர்ட்டெஸ், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகங்களில் சோதித்துப் பார்த்தார்கள். கெடு வந்தது, தள்ளிப் போட்டார்கள், மறுபடி தள்ளிப் போட்டார்கள். முடியாத காரியம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நிறுத்திவைத்து ஸ்கேன் செய்யும் மெஷின் மணிக்கு இருபது இருபத்தைந்து பெட்டி பார்க்கும். ஒரு பெரிய கப்பல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் இறக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பில் 2025 ஜனவரியில் நெரிசலைக் காரணம் காட்டி, ஆய்வுக்குக் குறித்த 323 கண்டெய்னர்களைப் பார்க்காமலே விட்டார்கள் என்று பெரிய அரசியல் சண்டையே நடந்தது. பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. இந்தியாவில் 2005 முதல் இடர் மேலாண்மை முறை அந்த வேலையைச் செய்கிறது. கப்பல் கொடுக்கும் சரக்குப் பட்டியலை வைத்து எந்தப் பெட்டி ஸ்கேனுக்குப் போக வேண்டும் என்று முடிவாகும்.

பழைய இரும்பு இறக்குமதிக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

உயிர்கள் போயிருக்கின்றன. 2004-ல் காஜியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில், பழைய இரும்போடு வந்த பீரங்கிக் குண்டுகள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010-ல் டெல்லி மாயாபுரி சந்தையில் கோபால்ட்-60 உடைக்கப்பட்டு ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அந்தக் கோபால்ட் வெளிநாட்டிலிருந்து வரவில்லை, உள்ளூரில் ஏலம் விட்ட பழைய கருவியிலிருந்து வந்தது. ஆனாலும் கதிர்வீச்சை யாராவது ஒரு வாசலில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதை நாடு அப்போதுதான் உணர்ந்தது. இப்போது துண்டாக்காத பழைய இரும்பு சென்னை, எண்ணூர், தூத்துக்குடி போன்ற குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம், பல நாடுகளிலிருந்து வரும் சரக்குக்கு ஏற்றும் முன் ஆய்வுச் சான்றிதழும் வேண்டும்.

ஸ்கேன் படம் கொடுத்த நாட்டுக்குப் போகுமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மெகாபோர்ட்ஸ் மாதிரித் திட்டங்களில் கண்டறிந்த விவரத்தைப் பகிர வேண்டும் என்று எழுத்திலேயே இருந்தது. வாங்கும் நாடு, தரவு எங்கே சேமிக்கப்படும், சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு வெளியிலிருந்து யார் உள்ளே நுழைய முடியும் என்று முதல் நாளே கேட்க வேண்டும். சீன ஸ்கேனர் நிறுவனமான நக்டெக்கை அமெரிக்கா 2020 டிசம்பரில் வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்ததற்குப் பின்னாலும் பாதுகாப்புக் கவலைதான் இருந்தது. எந்த நாட்டு மெஷினாக இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

நல்ல ஸ்கேனர் இருந்தால் மணலி மாதிரி நடக்காதா?

2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகத்தில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015 முதல் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது. அதை எந்த மெஷினும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சுங்கத்துறையே பறிமுதல் செய்து வைத்த சரக்கு, கோப்பு இருந்தது, எடை தெரியும். பிறகு அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். வடசென்னை மக்கள் ஐந்து வருடம் அதன் பக்கத்தில் தூங்கினார்கள். பிடித்ததை வைக்க இடமும், முடிவெடுக்க ஆளும், காலக்கெடுவும் இல்லாமல் பிடிக்கும் மெஷினை மட்டும் வாங்கிப் போடுவது எனக்குப் பயமாக இருக்கிறது.

என் ஏற்றுமதிப் பெட்டி வெளிநாட்டில் ஸ்கேனில் நின்றுவிட்டது. நான் என்ன செய்யலாம்?

பெட்டியில் சரக்கு ஏற்றும்போதே நான்கு போட்டோ எடுத்து வையுங்கள். காலிப் பெட்டி, பாதி ஏற்றியது, முழுதாக ஏற்றியது, பூட்டி சீல் போட்டது. சீல் எண் படத்தில் தெரிய வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டில் எந்த வரிசையில் எந்தப் பொருள் என்று எழுதுங்கள். இரும்பும் துணியும் கலந்து ஏற்றினால் இரும்பை ஒரே பக்கம் அடுக்குங்கள், நடுவில் செருகாதீர்கள், அந்த அழுத்தமான நிழல்தான் சந்தேகத்தைக் கிளப்பும். இவை கையில் இருந்தால் இறக்குமதியாளர் அங்குள்ள அதிகாரியிடம் அன்றே காட்டலாம். நம் டிராக்டர் உதிரிபாகப் பெட்டி மெஷின் சரியான அன்று முதல் ஆளாக வெளியே வந்தது. கடைக்காரர் அந்த நான்கு போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, பதினொரு நாளும் பையிலேயே வைத்திருந்தார்.